பூச்சிமருந்தும் ஆண்களின் புற்றுநோய் அபாயமும்: தொடக்கநிலை விளக்கம்

உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்ப் பக்கங்களில் பூச்சிமருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். “எல்லாம் இந்த மருந்தால வந்த வினை, இப்ப எந்த ஊருல கேன்சர் இல்ல?” என்று ஒருவர் கேட்பார். “எங்க அய்யா நாப்பது வருசம் மருந்தடிச்சாரு, அவருக்கு ஒண்ணும் வரலையே” என்று அடுத்தவர் மறுப்பார். முதலாமவர் எல்லா மருந்தையும் எல்லா நோயையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறார்; இரண்டாமவர் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு எல்லோருக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார். இதுவரை நடந்த ஆய்வுகள் சொல்வதைச் சுருக்கினால், அபாயம் உண்டு. அது மருந்துக்கு மருந்து மாறும். அதைவிட முக்கியமாக, ஒருவருடைய உடலுக்குள் எவ்வளவு மருந்து, எந்த வழியாக, எத்தனை ஆண்டுகள் சென்றது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். உடலுக்குள் செல்லும் அந்த அளவைப் புரிந்துகொள்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம். மருந்தின் தன்மையை விவசாயியால் மாற்ற முடியாது. ஆனால் தன் உடலுக்குள் போகும் அளவைப் பெருமளவு குறைத்துக்கொள்ள அவரால் முடியும்.

ஆண்களைத் தனியாக எடுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் மல்லிகைத் தோட்டமானாலும், பருத்திக் காடானாலும், மேலூர் பக்கத்து நெல் வயலானாலும், மருந்தடிப்பது பெரும்பாலும் ஆண்களின் வேலையாகவே இருந்துவருகிறது. தண்ணீர் நிறைந்த பதினாறு லிட்டர் தெளிப்பானை முதுகில் சுமப்பதும், கடைக்குச் சென்று மருந்து வாங்கி வருவதும், வாளியில் கலக்குவதும் அவர்களே. சொந்த நிலத்துக்கு அடிப்பவரைவிட, டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஊரெல்லாம் அடிப்பவர் பன்மடங்கு அதிக நாட்கள் மருந்தோடு இருக்கிறார். பூப்பறிக்கும் பெண்களுக்கும், மருந்து பட்ட துணியைத் துவைக்கும் பெண்களுக்கும் பாதிப்பு உண்டு. அது தனியாகவும் விரிவாகவும் எழுதப்பட வேண்டியது என்பதால் இங்கே ஆண்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்றே தெரியும் கேடும் ஆண்டுகள் கழித்து வரும் கேடும்

பூச்சிமருந்து உடலுக்குச் செய்யும் தீங்கு இரண்டு வகை. முதல் வகை உடனே தெரிவது. குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், மலாத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகின்றன. அந்தப் பொருள் தேங்கிப்போவதால் கண்மணி சுருங்குகிறது, எச்சிலும் வியர்வையும் பெருகுகின்றன, வயிறு புரட்டுகிறது, தசை துடிக்கிறது, மிகுந்தால் மூச்சு நின்றுபோகிறது. பூச்சி சாவதும் இதே வழியில்தான். இந்த வகைத் தீங்கை மருந்தடிப்பவர்கள் நன்கு அறிவார்கள். தலைசுற்றல் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்வார்கள். முடியாவிட்டால் மருத்துவமனைக்கு ஓடுவார்கள்.

இரண்டாம் வகை அப்படி அறிவித்துக்கொண்டு வருவதில்லை. ஒவ்வொரு முறையும் சிறிய அளவில் உள்ளே போகும் மருந்து, அன்றைக்கு ஒரு தும்மலைக்கூட உண்டாக்காமல், உயிரணுக்களின் மரபுப் பொருளிலோ, ஹார்மோன்களின் ஒழுங்கிலோ, நோய் எதிர்ப்பு அமைப்பிலோ மெல்ல மாற்றங்களை ஏற்படுத்துகிறது. அந்த மாற்றங்கள் கூடிப் புற்றுநோயாக வெளிப்பட பத்து, இருபது, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே “மருந்தடித்த அன்று எனக்கு ஒன்றும் செய்யவில்லை” என்ற அனுபவம் முதல் வகைக்கு மட்டுமே சான்றாகும். இரண்டாம் வகையைப் பற்றி அது எதையும் சொல்லாது.

இந்த இடத்தில் மருந்துப் புட்டியில் இருக்கும் வண்ண முக்கோணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் நம்பியிருப்பது அதைத்தான். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு மருந்தின் சீட்டிலும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கு வண்ணங்களில் ஒன்று இருக்க வேண்டும். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து வாய்வழியே தேவைப்படுகிறது என்ற அளவை வைத்து இந்த வண்ணம் தீர்மானிக்கப்படுகிறது. 1 முதல் 50 மில்லிகிராம் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. இது மிகவும் பயனுள்ள எச்சரிக்கை என்பதில் ஐயமில்லை; ஆனால் அது முழுக்க முழுக்க முதல் வகைத் தீங்கைப் பற்றியது. தொடர்ந்து பத்தாண்டு படுவதால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த வண்ணத்தைத் தீர்மானிக்கும் கணக்கிலேயே இல்லை.

இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். மலாத்தியான் நீல முக்கோண மருந்து. மற்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளோடு ஒப்பிட்டால் உடனடி நச்சுத்தன்மை குறைந்தது என்பதால் காய்கறித் தோட்டங்களில் நீண்ட காலமாகப் புழங்கிவந்தது. அதே மலாத்தியானை உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2015-இல் ‘மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்தது’ என்ற பிரிவில் சேர்த்தது. இலைப்புள்ளிக்கும் கருகலுக்கும் அடிக்கப்படும் மான்கோசெப் பச்சை முக்கோணம் கொண்டது. அதன் உரிமத்தைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் மறுத்துவிட்டது. இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்வதும், ஹார்மோன் ஒழுங்கைக் குலைப்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் அடங்கும். பச்சை வண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றிப் போட்டு மருந்தடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்த வழக்கத்துக்கு அந்த வண்ணத்தில் எந்த அனுமதியும் இல்லை.

தோல் என்ற வாசல்

மருந்து உடலுக்குள் போவதற்கு மூக்கும் வாயும்தான் வழி என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதனால்தான் வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு, மற்ற இடங்களைத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். வயலில் மருந்து அடிப்பவரைப் பொறுத்தவரை உண்மையில் பெரும்பகுதி உள்ளே போவது தோல் வழியாகவே. பல பூச்சிக்கொல்லிகள் எண்ணெயில் எளிதில் கரைபவை. பூச்சியின் மேல்தோலை ஊடுருவும்படி உருவாக்கப்பட்டவை. அவற்றோடு கலந்திருக்கும் கரைப்பான்கள் அவை தோலுக்குள் இறங்க மேலும் உதவுகின்றன. சித்திரை வெயிலில் வியர்த்து நனைந்திருக்கும் உடம்பில் இது இன்னும் விரைவாக நடக்கிறது.

உடம்பின் எல்லா இடத்துத் தோலும் ஒன்றுபோல் உறிஞ்சுவதில்லை. 1971-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் மைபாக் என்ற தோல் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் தாமாக முன்வந்த ஆண்களின் உடலில் பாரத்தியான் என்ற மருந்தை வெவ்வேறு இடங்களில் மிகச் சிறு அளவில் தடவி, எவ்வளவு உள்ளே செல்கிறது என்று அளந்தார்கள். முன்கையில் தடவியதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்குதான் உள்ளே சென்றது. அதை ஒன்று என்று வைத்துக்கொண்டால் உள்ளங்கையில் 1.3 மடங்கு, நெற்றியில் நான்கு மடங்குக்கும் சற்று மேல், அக்குளில் ஏழு மடங்குக்கும் மேல் சென்றது. விரைப்பையில் அது ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. அதாவது அங்கே தடவிய மருந்து கிட்டத்தட்ட முழுவதும் உடலுக்குள் போய்விட்டது.

மருந்தடிக்கும் ஆண்களுக்கு இந்த ஒரு செய்தியை மட்டும் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால், நான் இதைத்தான் சொல்வேன். நம் ஊர்த் தோட்டங்களில் வேலை நடக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். மல்லிகைச் செடி இடுப்பு உயரத்துக்கும் அதற்கு மேலும் வளர்ந்து, கிளைகள் பாத்திக்குக் குறுக்கே படர்ந்திருக்கும். மருந்தடிப்பவர் நாசிலை முன்னே நீட்டிக்கொண்டு, தான் சற்றுமுன் நனைத்த செடிகளுக்குள்ளேயே நடந்து போகிறார். இலையில் இருக்கும் மருந்து தொடையிலும் இடுப்பிலும் துடைபடுகிறது. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தாலும், அரைக்கால் டவுசர் போட்டிருந்தாலும், பருத்தித் துணி அந்த ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதோடு தெளிப்பானின் மூடி சரியாக மூடாமலோ வாசர் தேய்ந்தோ இருந்தால், குனியும்போதெல்லாம் மருந்துக் கரைசல் முதுகு வழியாக இறங்கி இடுப்புக் கயிற்றுக்குக் கீழே போய்ச் சேர்கிறது. காலை ஏழு மணிக்கு நனைந்த அந்தத் துணியோடு பதினோரு மணி வரை வேலை செய்து, டீ குடித்து, வண்டி ஓட்டி வீடு வந்த பிறகே பலரும் அதை மாற்றுகிறார்கள். உடம்பிலேயே மிக அதிகமாக உறிஞ்சும் இடத்தில், நான்கு மணி நேரம், ஈரத்தோடு மருந்து இருந்திருக்கிறது. மூக்கில் கட்டிய துண்டு இதில் எதையும் தடுக்கவில்லை.

அடுத்து அதிகமாக மருந்து படும் நேரம் கலக்கும் நேரம். வயலில் அடிக்கும் கரைசலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மில்லி மருந்துதான் இருக்கும். புட்டியில் இருப்பதோ நீர் சேராத அடர்த்தியான மருந்து. ஆகவே கலக்கும்போது விரலில் பட்ட ஒரு மூடி மருந்து, பிறகு உடம்பில் தெறிக்கும் பல லிட்டர் கரைசலுக்குச் சமம். மூடியால் அளந்து ஊற்றுவதும், கையை விட்டுக் கலக்குவதும், வெள்ளைப் படலம் தெரிகிறதா என்று விரலால் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அன்றைய நாளின் பெரும்பங்கு அந்த ஐந்து நிமிடத்திலேயே உடலுக்குள் போய்விடக்கூடும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவதும், மருந்துக் கையோடு பீடியோ வெற்றிலையோ எடுப்பதும் தோல் என்ற வாசலைக்கூடக் கடந்து நேராக உள்ளே அனுப்பும் வழிகள்.

உள்ளே போன மருந்து என்ன செய்கிறது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். சில மருந்துகள் அல்லது கல்லீரலில் அவை சிதையும்போது உண்டாகும் பொருட்கள், உயிரணுவின் மரபுப் பொருளை நேரடியாகச் சேதப்படுத்துகின்றன. சில, ஆக்சிஜன் சார்ந்த தீவிர மூலக்கூறுகளைப் பெருக்கி அதே சேதத்தை மறைமுகமாகச் செய்கின்றன. வேறு சில, ஹார்மோன் போல நடிக்கின்றன அல்லது ஹார்மோனின் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி உடலில் சிதைந்து உண்டாகும் டி.டி.இ. என்ற பொருள் ஆண் ஹார்மோனின் செயலைத் தடுப்பது விலங்குச் சோதனைகளில் தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது. ஆண்மைச் சுரப்பி எனப்படும் புராஸ்டேட்டும் விரைகளும் ஆண் ஹார்மோனின் கட்டளைப்படி வளர்ந்து இயங்கும் உறுப்புகள் என்பதால், அந்த ஹார்மோனில் தலையிடும் மருந்துகளை ஆய்வாளர்கள் தனிக் கவனத்தோடு பார்க்கிறார்கள். அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், இரத்தத்தில் டி.டி.இ. மிகுந்திருந்தவர்களுக்கு விரைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது 2008-இல் வெளியிடப்பட்டது. இவற்றோடு இரத்தத்தையும் நிணநீரையும் சார்ந்த புற்றுநோய்களும் மருந்தடிப்பவர்களிடம் திரும்பத் திரும்ப ஆராயப்படுகின்றன.

சான்றுகள் எவ்வளவு உறுதியானவை

முன்பு சொன்ன பன்னாட்டு முகமை பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. அது ஒவ்வொரு பொருளையும் சான்றுகளின் வலிமையை வைத்து வகைப்படுத்துகிறது. பிரிவு 1 என்றால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி. 2அ என்றால் வாய்ப்பு மிகுதி. 2ஆ என்றால் உண்டாக்கக்கூடும். லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி 2015-இல் பிரிவு 1-இல் சேர்க்கப்பட்டது. ஹாட்ஜ்கின் என்ற வகையைச் சேராத நிணநீர்ப் புற்றுநோயை அது உண்டாக்குவது உறுதியானதே காரணம். அதே ஆண்டில் டி.டி.டி., மலாத்தியான், டயசினான், களைக்கொல்லியான கிளைபோசேட் ஆகியவை 2அ பிரிவிலும், 2,4-டி என்ற களைக்கொல்லி 2ஆ பிரிவிலும் வைக்கப்பட்டன. தனித்தனி மருந்துகள் மட்டுமல்லாமல், ஆர்செனிக் சேராத பூச்சிக்கொல்லிகளைத் தொழிலாகத் தெளிப்பது என்ற வேலையையே அந்த முகமை 1991-இல் 2அ பிரிவில் சேர்த்தது.

இந்தப் பிரிவுகளைப் படிக்கும்போது ஒரு தவறு எளிதில் நேரும். அவை சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கின்றனவே தவிர, ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஆபத்தானது என்பதில் யாருக்கும் ஐயம் இராது. ஆனால் அதில் விழும் வாய்ப்பு, தினமும் இருட்டில் அதன் ஓரமாகத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கும் ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவருக்கும் ஒன்றல்ல. முகமை சொல்வது கிணற்றைப் பற்றி. நம் அபாயத்தைத் தீர்மானிப்பது நாம் அதன் ஓரத்தில் எத்தனை முறை, எப்படி நடக்கிறோம் என்பது. கிளைபோசேட் விஷயத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வேறு முடிவுக்கு வந்ததற்கும் இந்த வேறுபாடு ஒரு காரணம். நடைமுறையில் மக்கள் மீது படும் அளவைக் கணக்கில் கொண்டு, அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பில்லை என்று அந்த முகமை கருதியது. இந்திய அரசு 2022-இல் கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது.

மருந்தடிக்கும் ஆண்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-இல் தொடங்கியது. ஏறத்தாழ 89,000 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் 52,000-க்கும் மேற்பட்டோர் தங்கள் பண்ணையில் தாங்களே மருந்தடிப்பவர்கள், பெரும்பாலும் ஆண்கள். அந்த விவசாயிகளுக்கு மொத்தப் புற்றுநோய் மற்ற மக்களைவிடக் குறைவாகவே இருந்தது. புகைப்பவர்கள் குறைவு என்பதால் நுரையீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் பொதுமக்களைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது. 2013-இல் வெளியான முடிவுகளில், வேகமாகப் பரவும் வகைப் புராஸ்டேட் புற்றுநோயோடு போனோபாஸ், மலாத்தியான், டெர்புபாஸ், ஆல்ட்ரின் என்ற நான்கு பூச்சிக்கொல்லிகளுக்குத் தொடர்பு தெரிந்தது. அதே ஆய்வின் 2018-ஆம் ஆண்டு முடிவு, கிளைபோசேட்டுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் பொதுவான தொடர்பு இல்லை என்றது. மருந்துக்கு மருந்து விடை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மற்றொரு சான்று வாழைத் தோட்டங்களிலிருந்து வருகிறது. சோழவந்தான் பக்கத்து வாழை விவசாயிகளுக்குக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டைத் தெரியும். கரீபியன் கடலில் பிரான்சுக்கு உட்பட்ட குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் அதே வண்டுக்கு எதிராக 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற மருந்தைப் பயன்படுத்தினார்கள். அது மண்ணில் எளிதில் சிதையாமல் தங்கி, கிழங்கிலும் மீனிலும் குடிநீரிலும் சேர்ந்தது. 2010-இல் வெளியான குவாதலூப் ஆய்வில், இரத்தத்தில் அந்த மருந்து மிக அதிகமாக இருந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காக இருந்தது. பிரான்ஸ் அரசு 2021 டிசம்பரில், பூச்சிமருந்தோடு வேலை செய்தவர்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. பத்தாண்டுகளாவது மருந்தோடு பணியாற்றியிருக்க வேண்டும், பணி நின்று நாற்பது ஆண்டுகள் வரை நோய் வெளிப்பட்டாலும் ஏற்கப்படும் என்பது அதன் விதி. இந்த நோய் எவ்வளவு தாமதமாக வரக்கூடும் என்பதை ஓர் அரசே சட்டத்தில் எழுதிவைத்திருப்பதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

மடங்குக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்திகளில் ‘இருபது விழுக்காடு கூடுதல் அபாயம்’ என்று வரும்போது நூறு பேரில் இருபது பேருக்கு நோய் என்று பலர் புரிந்துகொண்டு பதறுகிறார்கள். கணக்கு அப்படியில்லை. கணக்குக்காக, ஆயிரம் ஆண்களில் பத்துப் பேருக்கு ஒரு புற்றுநோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். இருபது விழுக்காடு கூடினால் அது பன்னிரண்டு பேர் ஆகும். இரு மடங்கானால் இருபது பேர் ஆகும். தனி ஒருவருக்கு இது சிறிய மாற்றம்தான். ஒரு மாவட்டத்தில் மருந்தடிக்கும் எல்லா ஆண்களையும் சேர்த்துப் பார்க்கும்போது அது பல குடும்பங்களின் துயரமாகிவிடுகிறது. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிடப் பதினைந்து முதல் முப்பது மடங்கு வரை அதிகம் என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மருந்தைக் கண்டு அஞ்சிக்கொண்டே பீடியையும் புகையிலையையும் விடாமல் இருப்பவர், பெரிய அபாயத்தை வைத்துக்கொண்டு சிறியதற்குக் கவலைப்படுகிறார்.

கடந்த காலத்தில் பட்டது

ஐம்பது வயதைக் கடந்த விவசாயிகள் பலர், இன்று விற்பனையில் இல்லாத மருந்துகளைக் கையாண்டவர்கள். பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடியைச் சாக்கிலோ துணியிலோ கட்டித் தட்டித் தூவியது பலருக்கு நினைவிருக்கும். அதற்குள் இருந்த வீரியமான பகுதியே லிண்டேன். இந்தியாவில் டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவது 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் தடுக்கப்பட்டன. எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. லிண்டேனின் பயன்பாடு 2013-இல் முடிவுக்கு வந்தது. நுவான் என்று அறியப்பட்ட டைக்ளோர்வாசும், திமெட் குருணையாக அறியப்பட்ட போரேட்டும் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு தடை செய்யப்பட்டன. தடை வந்ததும் பட்டது மறைந்துவிடுவதில்லை. 1985-இல் இருபது வயதில் பி.எச்.சி. தூவியவருக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. நோய் வெளிப்படக்கூடிய காலம் அவருக்கு இப்போதுதான்.

அப்படிப்பட்டவர்கள் அச்சத்தோடு நாளைக் கழிக்க வேண்டியதில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு இதனால் புற்றுநோய் வரப்போவதில்லை. சில அறிகுறிகளை மட்டும் ஒதுக்கித் தள்ளாமல் இருந்தால் போதும். ஐம்பதைக் கடந்தவருக்கு இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருப்பது, சிறுநீர் தடைபட்டு வருவது, அதில் இரத்தம் தெரிவது ஆகியவை புராஸ்டேட்டைச் சோதிக்க வேண்டிய அறிகுறிகள். சுரப்பி வயதினால் வீங்கியிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்றாலும், சோதித்துப் பார்த்தால்தான் அது தெரியும். இளைஞர்களுக்கு விரையில் வலியில்லாத கட்டி தோன்றினால் வெட்கப்பட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது கூடாது. விரைப் புற்றுநோய் பெரும்பாலும் பதினைந்து முதல் நாற்பது வயதுக்குள் வருவது. காலத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியில்லாத நெறிக்கட்டி வாரக்கணக்கில் வடியாமல் இருப்பது, காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடை குறைதல் ஆகியவை நிணநீர்ப் புற்றுநோய்க்கான அறிகுறிகளாக இருக்கக்கூடும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள வட்டார மருத்துவமனைக்கோ போகும்போது ‘விவசாயம்’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை ஆண்டுகள் மருந்தடித்தீர்கள், எந்த மருந்துகள் என்பதையும் சொல்லுங்கள். அந்த விவரம் மருத்துவரின் சிந்தனைக்கு உதவும். தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகள் அடங்கும் என்பதால், செலவை எண்ணிச் சோதனையைத் தள்ளிப்போடுவது தேவையற்றது.

இனி படப்போவதைக் குறைக்க

முழு உடலையும் மூடும் பாதுகாப்பு உடை என்று கையேடுகள் சொல்வதை நாற்பது டிகிரி வெயிலில் யாரும் அணிய மாட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே, எது அதிகம் காக்குமோ அதிலிருந்து தொடங்கலாம். முதலாவது, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை முன்பக்கத்தை மறைக்கும், நீர் இறங்காத ஒரு மறைப்பு. பழைய மழைக்கோட்டுத் துணியை வெட்டித் தைத்தாலே போதும். முதுகுக்கும் தெளிப்பானுக்கும் இடையே அதே துணியில் ஒரு துண்டு. வாசர், மூடி, குழாய் இணைப்பு ஆகியவற்றில் கசிவு இருந்தால் சரிசெய்த பிறகே வேலை. இடுப்புத் துணி நனைந்துவிட்டால் அந்த டேங்கை இறக்கி வைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வேறு துணி மாற்றிய பிறகு மீண்டும் தொடங்க வேண்டும். இதற்காக வரப்பில் ஒரு குடம் தண்ணீரும், சோப்பும், மாற்றுத்துணியும் முன்கூட்டியே வைத்திருப்பது, எந்த விலையுயர்ந்த முகமூடியையும்விட அதிகம் காக்கும்.

கலக்கும் ஐந்து நிமிடத்துக்கு மட்டுமாவது ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்வதால் வெறுங்கையைவிடக் கேடானது. கலக்க ஒரு குச்சி, நாசிலைச் சுத்தம் செய்ய ஒரு பழைய பல் துலக்கி. காற்று முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்படி நடப்பது. முடிந்தவரை நனைந்த வரிசைக்குள் மீண்டும் புகாதபடி நடக்கும் வழியைத் திட்டமிடுவது. மருந்தடித்த உடைகளை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசுவது. அதைத் துவைப்பவரும் கையுறை அணிவது. வீட்டில் காய்கறி சாப்பிடுவதால் வரும் மருந்தளவு அடிப்பவர் உடலில் படுவதோடு ஒப்பிட மிகச் சிறியது. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுவது அங்கே உதவும்.

எல்லாவற்றையும்விட அபாயத்தைக் குறைப்பது, அடிக்கும் முறைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. ஆய்வுகள் ஒருவரின் அபாயத்தை அளப்பதே ஆண்டுக்கு எத்தனை நாள், எத்தனை ஆண்டு என்ற பெருக்குக் கணக்கில்தான். பூ விலை ஏறியிருக்கும் மார்கழி, தை மாதங்களில் ஒரு மொட்டும் வீணாகக் கூடாது என்று, புழு இருக்கிறதா என்று பார்க்காமலே நாள் குறித்து அடிப்பதை நான் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். அந்த அழுத்தம் எனக்குப் புரிகிறது. கடன் வாங்கித் தோட்டம் வைத்திருப்பவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிது. ஆனாலும் மொட்டுப்புழு, மொக்கு ஈ, சிவப்புச் சிலந்தி ஆகிய மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது இருக்கிறது என்று செடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து அடிக்கும்போது பணமும் போகிறது, உடம்பில் படும் அளவும் கூடுகிறது. தொடக்க நிலைக்கு ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து நூறு லிட்டர் தண்ணீருக்குக் கரைசலாக்கி மாலை நேரத்தில் தெளிக்கலாம். வெயிலில் அதன் வீரியம் சிதைந்துவிடும் என்பதால்தான் மாலை. விளக்குப்பொறியும் உதிர்ந்த மொட்டுகளை அள்ளி அப்புறப்படுத்துவதும் உதவும். ஒத்தக்கடையில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரிக்குப் பாதிக்கப்பட்ட கிளையை எடுத்துச் சென்று காட்டினால், எந்தப் பூச்சி, மருந்து தேவைதானா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கூலிக்கு மருந்தடிப்பவர்கள் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் தேதி, மருந்தின் பெயர், எத்தனை டேங்க் என்று மூன்றை மட்டும் எழுதிவருவது நல்லது. ஓர் ஆண்டு முடிவில் தன் உடலில் எவ்வளவு பட்டது என்பதை அவரே கூட்டிப் பார்க்க முடியும். பிற்காலத்தில் மருத்துவர் கேட்டால் நினைவை நம்பாமல் அதைக் காட்டவும் முடியும். வேலைக்கு அழைக்கும் தோட்டக்காரர்கள் கூலியோடு கையுறையையும் இடுப்பு மறைப்பையும் சேர்த்துத் தருவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஓர் ஏக்கருக்கு வாங்கும் மருந்தின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவாக இராது.